ஏரியை வரையறதுக்கு முன்னாடி ஏரிக்கரையில நடக்கணும்

நாவலூர், தாழம்பூர், படூர் பக்கம் ஃப்ளாட் பார்க்க வர்றவங்க இப்பல்லாம் செல்போன்ல செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. நல்ல பழக்கம்தான். ஆனா சித்திரை மாசம் எடுத்த படத்தைக் காட்டி, "இங்க தண்ணி நிக்கிற இடமே இல்லையே சார்"னு சொல்றப்ப எனக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது. சித்திரையில எங்க ஏரிக்குள்ள மாடு மேயும். கார்த்திகையில அதே இடத்துல ஆள் மூழ்கும். படம் பொய் சொல்லல. கேட்ட மாசம்தான் தப்பு.

வீடு வாங்குறவர் இப்படிப் பார்த்தா அது அவர் பாடு. அதே மாதிரி ஒரு அரசாங்கத் திட்டமும் பார்த்தா என்ன ஆகும்? இன்னைக்கு நம்ம பக்கத்துல எங்க கட்டலாம், எங்க கட்டக் கூடாது, எங்க வெள்ளம் வரும், எது ஏரி, எது தரிசு, எல்லாத்தையும் முடிவு பண்றது ஜி.ஐ.எஸ். வரைபடம்தான். புவியியல் தகவல் அமைப்புன்னு புத்தகத்துல எழுதுவாங்க. விஷயம் ரொம்ப எளிசு. சர்வே எல்லை ஒரு கண்ணாடித் தாள்ல, ஏரியும் கால்வாயும் இன்னொண்ணுல, மேடு பள்ளம் ஒண்ணுல, ரோடும் கட்டடமும் ஒண்ணுல. எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிப் பார்த்தா, எந்தக் கட்டடம் எந்தக் கால்வாய் மேல உக்காந்திருக்குன்னு தெரிஞ்சுடும். கம்ப்யூட்டர் இந்த அடுக்குற வேலையைச் செய்யுது, கூடவே கணக்கும் போட்டுத் தருது.

இந்தக் கலை பிறந்ததே விவசாய நிலத்துக்காகத்தான்னு சொன்னா பல பேர் நம்ப மாட்டாங்க. 1960கள்ல கனடா நாட்டுல, எந்த நிலம் பயிருக்கு ஆகும், எது காட்டுக்கு ஆகும்னு நாடு முழுக்கக் கணக்கெடுக்க வேண்டி வந்தப்ப, கையால அடுக்கி மாளாதுன்னு ரோஜர் டாம்லின்சன் என்பவர் கம்ப்யூட்டர்ல செய்ய வழி கண்டார். அங்கேர்ந்து வளர்ந்ததுதான் இது. அதனால ஒரு விவசாயி இதைப் பத்திப் பேசறதுல அதிசயம் ஒண்ணும் இல்ல.

இப்ப ஏன் பேசறேன்னா, பள்ளிக்கரணை. அந்தச் சதுப்பு நிலத்துல 1,247.54 ஹெக்டேர் 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. 2025 செப்டம்பர்ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு ஒரு உத்தரவு போட்டுது. சதுப்பு நிலத்தோட தாக்கப் பகுதி எதுன்னு அறிவியல் முறைப்படி வரையறுக்கிற வரைக்கும், சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ள புதுசா கட்ட அனுமதி தரக் கூடாதுன்னு. நான் அதை வரவேற்கிறேன். ஆனா அந்த 1 கிலோமீட்டர், வேலை முடியுற வரைக்கும் போட்ட தற்காலிக வேலி. முடிஞ்சப்புறம் வர்ற கோடுதான் முக்கியம். அந்தக் கோட்டை எப்படிப் போடப் போறாங்கங்கறதுதான் என் கவலை.

ஏன்னா ஜி.ஐ.எஸ்.ல இருக்கிற மென்பொருள் எதுலயும் ரொம்பச் சுலபமான பொத்தான் 'பஃபர்'. ஒரு எல்லையைக் காட்டி, இத்தனை மீட்டர்னு அடிச்சா, சுத்திலும் அழகா ஒரு வளையம் வந்துடும். ரெண்டு நிமிஷ வேலை. தண்ணிக்கு வளையம் தெரியாது. அது மேல இருக்கிற ஏரிகள்லேர்ந்து கலங்கல் கலங்கலா இறங்கி சதுப்புக்கு வருது. அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், எங்க ஊருக்குக் கிழக்கால ஓடி, முட்டுக்காட்டுல கழியோட கலந்து, கோவளத்துல கடல் சேருது. 900 மீட்டர் தூரத்துல இருக்கிற ஒரு மேடு சதுப்புக்குச் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு மதகு அதோட உயிரா இருக்கலாம். நாவலூர்ல இருக்கிற நாங்க அந்தத் தண்ணிக்குப் போக்குல இருக்கோம். போக்குல இருக்கிறவன் அடைச்சா மேல இருக்கிறவன் மூழ்குவான். இதைத் தெரிஞ்சுக்க ஒருத்தன் நீர்வழியைப் பிடிச்சுக்கிட்டு நடக்கணும்.

ஒரு தடவை காலேஜ் பசங்க நாலு பேர் கையில டேப்லெட்டோட ஏரிக்கரைக்கு வந்தாங்க. நல்ல பசங்க. "ஐயா, ஏரியோட பரப்பளவு எவ்வளவு?"ன்னு கேட்டாங்க. "எந்தப் பரப்புப்பா வேணும்?"ன்னேன். முழிச்சாங்க. ஏரிக்கு மூணு பரப்பு உண்டு. அ-பதிவேட்டுல ஏரின்னு எழுதியிருக்கிற சர்வே நம்பர்களோட பரப்பு ஒண்ணு. கலங்கல் வழியற அளவுக்கு நிறைஞ்சா தண்ணி பரவுற பரப்பு இன்னொண்ணு, இது பதிவேட்டுப் பரப்பைத் தாண்டிப் பட்டா நிலத்துக்குள்ளயும் போகும். அன்னைக்கு நிக்கிற தண்ணி மூணாவது. ஆக்கிரமிப்பு பத்தின கேள்வின்னா முதலாவது வேணும். வெள்ளம் பத்தின கேள்வின்னா ரெண்டாவது. மீன் குத்தகைக்கு மூணாவது. எதுக்காகப் படம் போடறோம், அதை வெச்சு யார் என்ன முடிவு எடுக்கப் போறாங்க, இதைத் தெளிவா ஒரு தாள்ல எழுதாம கம்ப்யூட்டரைத் திறக்கவே கூடாதுங்கறது என் கட்சி. பசங்க அன்னைக்குச் சாயந்தரம் வரைக்கும் இருந்தாங்க. அது அவங்க நல்ல குணம்.

கேள்வி தெளிஞ்சாத்தான் எவ்வளவு நுணுக்கமான படம் வேணும்னு தெரியும். கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் 1:25,000 அளவுல போடுவாங்க. அதுல 1 மில்லிமீட்டர்னா தரையில 25 மீட்டர். எங்க பக்கத்துக் கால்வாய் 3 மீட்டர் அகலம். பென்சிலைக் கூர் சீவினாலும் அந்தப் படத்துல அதை அதோட அளவுக்கு வரைய முடியாது. இலவசமாக் கிடைக்கிற சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்துல ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட். லேண்ட்சாட்ல ஒரு கட்டம் 30க்கு 30, அதாவது 22 சென்ட். சில பேரோட மொத்தக் கழனியே ஒரே கட்டத்துல அடங்கிடும். வரப்பு, வாய்க்கா, பனைமரம், மாட்டுக்கொட்டாய் எல்லாத்தையும் கலந்து ஒரே நிறமா ஆக்கி "முட்புதர்"னு அதுக்குப் பேர் வெச்சா, அந்த விவசாயி இருக்கிறதே கணக்குல வராது.

மாசக் கணக்குக்கு வர்றேன். எங்க செங்கல்பட்டுச் சீமையில மூணு பட்டம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. எல்லாக் கழனியிலயும் மூணும் கிடையாது. தண்ணி இருக்கிறதைப் பொறுத்து ஒண்ணோ ரெண்டோ. ஒரே ஒரு தேதிப் படத்தை வெச்சு நிலப் பயன்பாடு போட்டா, அந்தத் தேதியில அறுப்பு முடிஞ்ச கழனி தரிசாயிடும். தரிசுன்னு படத்துல ஏறிட்டா அப்புறம் அது "மேம்பாட்டுக்கு உகந்த நிலம்" ஆயிடும். குறைஞ்சது மூணு பட்டத்துக்கும் மூணு படம் எடுக்கணும். ஐப்பசி கார்த்திகையில மேகம் மறைக்குமேன்னு கேட்பீங்க. சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளுக்கு மேகம் தடை இல்ல, ராத்திரியும் பார்க்கும். அதுலயும் ஒண்ணு கவனிக்கணும். சேடை ஓட்டித் தண்ணி கட்டி நாத்து நட்ட கழனியும் அதுக்கு ஏரி மாதிரி தண்ணியாத்தான் தெரியும். எது வெள்ளம், எது நடவுன்னு பிரிக்க ஊர்க்காரன் ஒருத்தன் பக்கத்துல வேணும்.

எல்லாத்தையும் விடப் பெரிய ஏமாத்து மேடு பள்ளத்துலதான். நாடெங்கும் பல ஆய்வுகள்ல பயன்படுத்தற உயரக் கணக்கு, 2000 பிப்ரவரியில அமெரிக்க விண்வெளி ஓடம் ஒண்ணு ரேடாரால எடுத்தது. மலைநாட்டுக்கு அது போதும். எங்க ஊர்ப் பக்கம் மேற்கேர்ந்து பக்கிங்காம் கால்வாய் வரைக்கும் மொத்தச் சரிவே சில மீட்டர்தான். அந்தக் கணக்குல வர்ற பிழையும் சில மீட்டர். தோப்பு இருந்தா மர உச்சியை நோக்கியும், கட்டடம் இருந்தா கூரையை நோக்கியும் அளவு உசந்துடும். போதாக்குறைக்கு அது 2000த்துல எடுத்தது. அதுக்கப்புறம் இந்த ஓ.எம்.ஆர். எத்தனை உசந்துது, எத்தனை மனையில மண் கொட்டி மேடாக்கினாங்கன்னு உங்களுக்கே தெரியும். அந்தக் கணக்கை வெச்சு கம்ப்யூட்டரை "தண்ணி எப்படி ஓடும்?"னு கேட்டா, அது கேள்விக்குப் பதில் சொல்லாம இருக்காது. நீலக் கலர்ல கோடு போட்டுத் தரும். ஆனா நெஜத் தண்ணி ஒரு சாண் உசரத்துல திசை மாறுது. சிறுபாலத்தோட அடிமட்டம் மதகு அடியை விட ஒரு சாண் உசரமா இருந்தா, கால்வாய் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதுக்கு என்ன வழி? பெரிய செலவு ஒண்ணும் இல்ல. கலங்கல் உச்சி, மதகு அடி, ஒவ்வொரு சிறுபாலத்தோட அடி, ரோட்டு மட்டம், கால்வாய் சேர்ற இடம்னு ஒரு ஏரிக்குப் பத்து இருபது இடத்துல பொதுப்பணித்துறை ஓவர்சியர் வெச்சிருக்கிற லெவல் கருவியால அளந்து, அதை அந்தப் படத்துக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி பொருத்தணும். ஒரு ஏரிக்கு ரெண்டு நாள் வேலை. செயற்கைக்கோள் தராத அந்த ஒரு சாணை அதுதான் தரும்.

பழைய ஆவணம் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். இந்த விஷயத்துல நம்ம ஜில்லா ஏழை இல்ல. 1767லேர்ந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டுங்கற கம்பெனி எஞ்சினியர் செங்கல்பட்டு ஜாகிர் முழுக்க, சுமார் 2,000 கிராமத்தை அளந்து, வீடு, நிலம், ஏரி எல்லாத்தையும் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் எழுதின ஓலைக் கணக்குகளும் இருக்கு, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல வெச்சிருக்காங்க. ஆள் நடமாடி, ஊர்க்காரனைக் கேட்டு, அளந்து, எழுதி. கம்ப்யூட்டர் இல்லங்கறதைத் தவிர, இன்னைக்குச் செய்யற அதே வேலைதான். அப்புறம் 1802ல வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கும் நம்ம பெரும்பாக்கத்துக்கும் நடுவுல ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியா முழுசையும் அளந்த பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் அஸ்திவாரம். இன்னைக்குப் பெரும்பாக்கத்துல அடுக்குமாடியில இருக்கிற எத்தனை பேருக்கு இது தெரியும்!

அந்தப் பழைய அளவையிலேர்ந்து வந்த கணக்கு முறை ஒண்ணு, செல்போன் ஜி.பி.எஸ். பயன்படுத்தற முறை இன்னொண்ணு. மாத்தாம அப்படியே பழைய படத்தைப் புதுப் படத்து மேல வெச்சா, ஏரி நூறு மீட்டருக்கு மேல நகர்ந்து பக்கத்து மனைக்குள்ள போயிடும். நில ஆவணத்துலயும் இதே கதை. கிராம வரைபடம் ஒரு அளவு, புலப்படம் ஒரு அளவு. 1979லேர்ந்து 1987 வரைக்கும் நடந்த யு.டி.ஆர்.ல பேரும் பரப்பும் மாறிப்போய் இன்னமும் தாலுக்கா ஆபீஸுக்கு நடக்கிறவங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. ஒரு ஆவணத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு அதுவே சத்தியம்னு நினைக்கக் கூடாது. ரெண்டு மூணை அடுக்கி, எங்க ஒத்துப் போகலையோ அங்கதான் போய்ப் பார்க்கணும். மூணு ஊர் எல்லை சேர்ற இடத்துக் கல் இருக்கா, கோயில் மூலை மாறாம இருக்கா, அதைப் பிடிச்சுப் படத்தைப் பொருத்தணும்.

பேர்ல கூட வம்பு இருக்கு. நாவலூர்னு படப்பைப் பக்கமும் ஒரு ஊர் உண்டு. எங்க நாவலூரோ செங்கல்பட்டு ஜில்லாவுல இருந்து, காஞ்சிபுரத்துக்குப் போய், 2019ல திரும்பச் செங்கல்பட்டுக்கே வந்துடுச்சு. நாங்க நகரவே இல்ல. பேரை வெச்சுப் பட்டியலைச் சேர்த்தா எங்க மழைக் கணக்கு அவங்க ஏரியில போய் விழும். கிராமக் குறியீட்டு எண்ணை வெச்சுத்தான் சேர்க்கணும். ஆனா பேரை ஒரேயடியா ஒதுக்கியும் விடாதீங்க. தாங்கல்னு முடியற பேர் இருந்தா அங்க சின்ன ஏரி ஒண்ணு இருந்ததுன்னு அர்த்தம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல். மடுவுன்னா ஆழமாத் தண்ணி நிக்கிற இடம். ஊர்ல ஒவ்வொரு கழனிப் பகுதிக்கும் ஒரு பேர் இருக்கு, எந்தப் பதிவேட்டுலயும் ஏறாத பேர். அதையும் ஒரு தாளா அடுக்கிப் பாருங்க, வெள்ளம் வர்ற இடமெல்லாம் பேர்லயே எழுதியிருக்கும்.

யாரைக் கேக்கணும்? தலைவரையும் வி.ஏ.ஓ.வையும் மட்டும் கேட்டுட்டுப் போறது வழக்கம். மதகு திறந்து மூடின நீர்க்கட்டிக் குடும்பத்து ஆளைக் கேளுங்க. ஆடு மேய்க்கிற அம்மாவைக் கேளுங்க, எந்தப் பாதை எந்த மாசம் சேறாகும்னு அவங்களுக்குத்தான் தெரியும். முட்டுக்காட்டுக் கழியில இடுப்பளவு தண்ணியில கையால தடவி இறால் பிடிக்கிற இருளர்களைக் கேளுங்க. அவங்க காலுக்குத் தெரிஞ்ச ஆழம் எந்தப் படத்துலயும் கிடையாது.

ஊர்க்காரன் சொல்றதெல்லாம் நெஜம்னு நான் சொல்ல வரல. கால்வாயை உழுது கழனியோட சேர்த்துக்கிட்டவன், "இங்க கால்வாயே இருந்ததில்ல"ன்னு சாமி மேல சத்தியம் பண்ணுவான். அங்கதான் படம் உதவும். 1980கள்லேர்ந்து எடுத்த லேண்ட்சாட் படங்கள் 2008லேர்ந்து யாரு வேணும்னாலும் இலவசமா எடுத்துக்கலாம். அதுக்கு எந்த வேட்பாளரையும் தெரியாது, எந்த மாமன் மச்சானையும் தெரியாது. அப்ப ஏரி எதுவரைக்கும் இருந்துதோ அதைத்தான் காட்டும். மென்பொருளுக்கும் காசு வேணாம், கியூ.ஜி.ஐ.எஸ். சும்மாவே கிடைக்குது. ஆளோட பொய்யைப் படம் பிடிக்கணும், படத்தோட பொய்யை ஆள் பிடிக்கணும். ரெண்டுல ஒண்ணை விட்டாலும் வேலை கெட்டுடும்.

விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம கடற்கரையே சாட்சி. 2019 அறிவிக்கையின்படி தமிழ்நாட்டுக்கான கடலோர மேலாண்மைத் திட்ட வரைவுப் படங்களை 2023ல கருத்துக் கேட்புக்கு வெச்சாங்க. மீனவர்கள் அதைப் பார்த்துட்டுக் கொதிச்சுப் போனாங்க. மீனவ கிராமங்கள், படகு நிறுத்துற இடம், வலை காய வைக்கிற இடம் எல்லாம் சரியாக் குறிக்கலைன்னு எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. வலை காயற மணல் மேலேர்ந்து பார்த்தா வெறும் மணல்தானே. அங்க நாலு தலைமுறையா வலை காயுதுன்னு செயற்கைக்கோளுக்கு யார் சொல்றது? படத்துல காலி இடம்னு வந்துட்டா நாளைக்கு அதுல ஒரு ரிசார்ட் வர்றதை யார் கேக்க முடியும்? எங்க மேய்க்கால் புறம்போக்குக்கும் இதே கதிதான் நடந்துட்டு வருது.

அதனால வரைவுப் படத்தை வெளியிடற முறையையும் திட்டத்துலயே முதல் நாள் எழுதணும். இங்கிலீஷ்ல 80 பக்க அறிக்கையும், திறக்கவே முடியாத கோப்பும் இணையத்துல போட்டுட்டு அறுபது நாள் அவகாசம்னா எங்களுக்கு என்ன புரியும்? தமிழ்ல, சர்வே நம்பரோட, ஒரு ஊருக்கு ஒரு பெரிய தாளா அச்சடிச்சு கிராம சபையில சுவத்துல மாட்டணும். மார்ச் 22, தண்ணீர் தினத்தன்னைக்கு எப்படியும் கிராம சபை கூடுது. அன்னைக்கு வேற என்ன பேசப் போறோம்? ஜனங்க பேனாவை எடுத்து அந்தத் தாள் மேலயே கோடு போடட்டும். போட்ட கோட்டுல எதை எடுத்துக்கிட்டீங்க, எதை ஏன் விட்டீங்கன்னு அடுத்த சபையில சொல்லணும். பள்ளிக்கரணைக் கோட்டுக்கும் இதைத்தான் கேக்கறேன். மேல இருக்கிற ஏரிக் கிராமமும் கீழ போக்குல இருக்கிற நாங்களும் பார்க்காம அதை முடிவு பண்ணாதீங்க.

இவ்வளவு நடக்க நேரமும் காசும் ஏதுன்னு ஒரு என்ஜினியர் நண்பர் கேட்டார். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம்லயும் போனதைக் கணக்குப் போட்டுப் பாருங்கன்னேன். ஒரு ஏரியை ஒரு நாள்ல சுத்தி வந்துடலாம். மேல் ஏரியிலேர்ந்து கழி வரைக்கும் ஒரு சங்கிலியை ஒரு வாரத்துல நடந்துடலாம், மோர் குடிக்க நின்னாலும்.

அடுக்குமாடியில இருக்கிறவங்களுக்கு ஒரு வேலை வெச்சிருக்கேன். வர்ற ஐப்பசி கார்த்திகையில உங்க கேட் முன்னாடியோ பார்க்கிங்லயோ தண்ணி நின்னா, போட்டோ எடுக்கிறப்ப செல்போன்ல இருப்பிடத்தை ஆன் பண்ணி வெச்சுக்குங்க. தண்ணி வடிஞ்சதும் சுவத்துல ஒரு கறைக்கோடு நிக்கும். தரையிலேர்ந்து அது எத்தனை சென்டிமீட்டர்னு டேப்பால அளந்து, தேதியும் நேரமும் எழுதி வைங்க. தண்ணி எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துது, எத்தனை நாள்ல வடிஞ்சுதுன்னும் எழுதுங்க. எந்தச் செயற்கைக்கோளும் தராத அளவு அது. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிறதுக்குள்ள எடுத்துடுங்க, அப்புறம் கோடு போயிடும்.